நாலு பேர் பார்த்த கைப்பை

டோரீனுக்குக் கைப்பையை எங்காவது வைத்துவிட்டு வரும் பழக்கம் உண்டு. அதை அவளே மறுக்கமாட்டாள். பூனாவில் கேம்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. போன மழைக்காலத்தில் ஆபீஸ் பீரோ சாவியோடு பையை ஷேர் ரிக்ஷாவில் விட்டுவிட்டு வந்து, பிரின்சிபாலிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மகன் ஜோனாஸ் ஒரு வெள்ளை டிராக்கர் வட்டை வாங்கிவந்து பையின் உள் ஜிப்பில் போட்டான். இனி பை எங்கே கிடந்தாலும் ஃபோன் மேப்பில் ஒரு புள்ளி காட்டிவிடும்.

அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். "மீட்டிங்ல இருந்தா நான் பாக்க முடியாது மம்மி. அதான் எல்லாருக்கும் ஷேர் பண்ணிட்டேன்" என்றான். எல்லாரும் என்றால் அப்பா ஆபிரகாம், அவன் பெண்டாட்டி ஃபியோனா, ஆபிரகாமின் அக்கா ஹெலினா. பைதானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று டோரீன் தலையாட்டினாள். பையை எவன் பார்க்கப் போகிறான், பையைத் தூக்குகிறவளைத்தானே பார்ப்பார்கள்! அது அப்போது உறைக்கவில்லை.

ஆபிரகாம் கட்கி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனவர். வேறு வேலை இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் சிக்னலில் நின்றால்கூட ஃபோன் வரும். ஹெலினா அதற்கும் மேலே. "டோரீன், மார்க்கெட்ல நிக்க போல. நல்ல வாவல் மீனு கெடந்தா எனக்கும் ரெண்டு வாங்கு." ஃபியோனா அவள் பங்குக்கு, "ஆன்ட்டி, லேடீஸ் டெய்லர்கிட்ட ஒன் அவரா?" என்று சிரிப்பாள். கக்கூசுக்குப் போவதென்றாலும் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்போல. தூ! இதெல்லாம் ஒரு குடும்பம், இதற்குப் பெயர் அக்கறை.

ஆனாலும் டோரீன் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் அவள் ஏரவாடாவுக்குப் போவாள். அங்கே ஒரு சந்தில் ஷபானா இருந்தாள்.

ஷபானா அதே ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி. வாணியம்பாடிக் குடும்பம், பிறந்தது பூனாவில். என்ன அலங்காரம், என்ன மிடுக்கு! மை தீட்டாமல் ஆபீஸ் படி ஏறமாட்டாள். வேலையை விட்ட பிறகு அவளுக்குத்தான் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. வாய் கோணி எச்சில் வழியும். மகன் இர்பான் டிரைவர் வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் இருக்கும் நேரம் அவனே சோறு ஊட்டுவான், மாத்திரை கொடுப்பான். குளிப்பாட்ட மட்டும் ஷபானா அவனை விடமாட்டாள். பெற்ற பிள்ளை கையால் குளிப்பதா என்று பிடிவாதம். அதனால் வாரத்தில் ஒருநாள் டோரீன் போய் அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு வருவாள். "நான் இப்படிக் கெடக்கறது ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது டோரீன். ஆபீசுக்கும் தெரியக்கூடாது, உன் சர்ச்சுக்கும் தெரியக்கூடாது" என்று குழறிக் குழறிச் சத்தியம் வாங்கியிருந்தாள். டோரீன் வீட்டில் மூச்சு விடவில்லை. ஹெலினா காதில் விழுந்தால் ஊர் முழுக்க ஜெபக்குறிப்பாகப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா?

வாயை மூடினாள், பையை மூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம். ஹெலினாவுக்கு ஒரு வித்தை உண்டு. முகத்துக்கு நேரே கேட்க முடியாததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள். "பரலோகப் பிதாவே, சனிக்கிழமைதோறும் ஏரவாடா சந்துக்குள்ள போற கால்களை நீர் பாக்கிறீர் ஐயா! வீட்டுக்குத் தெரியாமப் போற கால்களைத் தடுத்து நிறுத்தும் ஐயா!" கூடியிருந்த அத்தனை பேரும் ஆமென் போட்டார்கள். ஜெபத்துக்குக் குறுக்கே பேச முடியுமா? டோரீனின் காது மடல் எரிந்தது. ஆண்டவருக்கே வழி காட்டுகிறாளே ஃபோனை வைத்துக்கொண்டு, சீ!

கூட்டம் கலைந்ததும் ஆபிரகாம் தொண்டையைச் செருமினார்.

"அங்க யாரு இருக்கா?"

"ஒரு ஃப்ரெண்டுங்க."

"எந்த ஃப்ரெண்டு?"

"உங்களுக்குத் தெரியாது. விடுங்க."

அந்த 'விடுங்க'தான் வினையாகப் போனது.

வட்டைக் கழற்றி வைத்தால் சந்தேகம் இன்னும் ஏறும் என்று மறுநாளும் டோரீன் பையோடுதான் போனாள். ஷபானாவை மோரியில் உட்கார வைத்திருந்தாள். மோரி என்றால் தனி அறை இல்லை, அந்த ஒற்றை அறையிலேயே தண்ணீர் ஓடுவதற்காகச் சின்னத் திண்டு கட்டிய மூலை. வாசல் தாழ்ப்பாள் உடைந்துபோய், கதவைச் சும்மா சாத்தித்தான் வைப்பார்கள். ஷபானாவின் இடுப்புக்கு மேல் துணியில்லை, தலையெல்லாம் ஷாம்பூ நுரை. பள்ளியில் புதிதாக வந்த டீச்சரை டோரீன் நடித்துக் காட்ட, கோணிய வாயோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"புள்ளி இங்கதான் காட்டுது, உள்ளதான் இருக்கா!" என்றபடி ஹெலினா நுழைந்தாள். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் வேதப் புத்தகம். பின்னால் சர்ச்சிலிருந்து இரண்டு பெண்கள். அவர்களுக்கும் பின்னால், தலையை நீட்டிக்கொண்டு ஆபிரகாம். எதைப் பிடிக்க வந்தார்களோ அது இல்லை என்றதும் நாலு பேர் முகமும் அசடு வழிந்தது. கொஞ்சமாவது வெட்கம் இருந்தால் அப்படியே திரும்பியிருக்க வேண்டும். ஹெலினா அப்படிப்பட்டவளா? "ஐயோ பாவம், வாதமா!" என்று முன்னால் வந்து, நுரைத் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள்.

ஷபானாவால் எழ முடியாது. விளங்குகிற ஒரு கையால் துண்டை இழுத்தாள். உடம்பை மூடவில்லை, முகத்தை மூடிக்கொண்டாள்.

"வெளிய போங்க!" என்று டோரீன் கத்தினாள்.

"ஜெபம் பண்ணுதேன்லா..."

"ஜெபமாவது மண்ணாவது! வெளிய போங்க மயினி! ஏங்க, ஆம்பள உங்களுக்கு இங்க என்ன பார்வை? அறிவில்ல?"

ஹெலினாவைப் பிடித்துத் தள்ளிக் கதவில் முதுகை வைத்து நின்றாள். துண்டுக்குள்ளிருந்து ஷபானாவின் குரல் வந்தது.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலன்னியே."

"சத்தியமா சொல்லலடி."

"சொல்லாமலா வந்தாங்க?"

பதில் ஆணியில் கைப்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எந்த வாயால் சொல்வது? டோரீன் நுரையைக் கழுவி, துவட்டி, நைட்டி போட்டுவிட்டாள். ஷபானா கடைசிவரை முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

ஹெலினா சந்தில் பெயரையும் விசாரித்துவிட்டாள்போல, அன்று சாயங்காலமே சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது: ஏரவாடா சகோதரி ஷபானா, பக்கவாதம், வாய் கோணியுள்ளது, ஜெபிக்கவும். பள்ளியின் பாதி டீச்சர்கள் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்கள். ஆபிரகாமோ, "நல்ல காரியந்தானே பண்ணிருக்க, சொல்லியிருக்கலாம்லா" என்று பெருந்தன்மையாக மன்னித்தார். அவர் மன்னிக்கிறாராம்! டோரீன் பையிலிருந்து வட்டை எடுத்து அவர் சாப்பாட்டுத் தட்டிலேயே போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சந்துக்குப் போனாள். இர்பான் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவனுக்கே அழுகை முட்டியது. "அம்மா வேணாங்கறாங்க ஆன்ட்டி. ஸ்கூல்லேர்ந்து ரெண்டு பேர் பாக்க வந்தாங்க. அன்னைக்கிருந்து சோறும் சரியா திங்கல. நான் குளிப்பாட்டறேன்னாலும் கையைத் தட்டி விடறாங்க."

டோரீன் திரும்பி வந்தாள். ஆபிரகாம் சோபாவில் ஃபோனோடு இருந்தார்.

"இன்னைக்கு வட்டை எடுத்துட்டுப் போகலயே. அங்கயா போன? அந்தம்மா எப்படி இருக்கு?"

"அவளுக்குத் தலைக்கு ஊத்த ஆளில்லாம அழுக்கோட கெடக்கா. அதுக்கும் சேத்து ஜெபம் பண்ணச் சொல்லுங்க, உங்க அக்காவ."