அம்மா வேலை செய்த வீட்டைப் படம் எடுத்தேன்

கொழும்பின் புகழ்பெற்ற கட்டடங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போடுகிறோம், படங்களை நீங்கள் எடுத்துத் தருவீர்களா என்று ஒரு பதிப்பாளர் தொலைபேசியில் கேட்டபோது, நான் ஹட்டன் டவுனில் என் சின்ன ஸ்டூடியோவில் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பிரித்துக்கொண்டிருந்தேன். மூடிக்கிடந்த தேயிலை ஃபெக்டரிகளை எடுத்து முகநூலில் போட்டிருந்தேன். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். படங்களில் ஆட்கள் இருக்கக் கூடாது. கட்டடம் மட்டும்.

கல்யாணம் இல்லாத நாட்களாகப் பார்த்துக் கொழும்புக்குப் போய் வந்தேன். கோட்டை ஸ்டேஷன், புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசல், பேர வாவிக்கு இக்கரையிலிருந்து தாமரைக் கோபுரம் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். ஆளில்லாத கொழும்பு வேண்டுமென்றால் விடியும்போது போய் நிற்க வேண்டும். மாநகர சபைக் கட்டடத்தின் படிகளை ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் கூட்டி முடிக்கட்டும் என்று அரை மணி நேரம் நின்றேன். தன்னைத்தான் எடுக்கப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சீலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஓரமாக நிமிர்ந்து நின்றாள். நான் கமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பட்டியலின் கடைசியில் ஒரு வீடு இருந்தது. பேர் பெற்ற ஒரு கட்டடக் கலைஞர் கட்டியது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிற வீடு. அதன் முகவரியைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தெருப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் பதினொரு வருடம் நான் கடித உறைகளில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஏழு வயதானபோது அம்மா அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனார். அப்பாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. நெஞ்சு கெட்டுப்போய் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடுவார். தோட்டத்து லய வரிசையில் அடுத்த அறையான காம்பிராவிலிருந்த சித்திதான் எனக்குச் சோறு போட்டாள், தலை பின்னினாள். அம்மா தீபாவளிக்கு ஒரு தடவை, தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு தடவை வருவார். வரும்போது அந்த வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டைகளைக் கொண்டுவருவார். அவளுக்கும் என் வயதுதான். அம்மா அவளை பேபி என்பார். "பேபிக்கு இந்தக் கலர் நல்லா எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே எனக்குப் போட்டுவிடுவார். இன்றுவரை சித்தியை நான் 'நீ' என்கிறேன். அம்மாவை 'நீங்க' என்றுதான் வாய் சொல்கிறது.

அந்த வீட்டைப் படம் எடுக்கப்போவதைச் சொன்னதும், வேலையை விட்டுவந்து இப்போது என்னோடு இருக்கும் அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"நானும் வர்றேன். அந்த வீட்டப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? எந்த நேரத்துல எங்க வெயில் விழுவும்னு எனக்குத்தான் தெரியும்."

நல்ல சீலை கட்டிக்கொண்டு, கரட்டும் லீக்ஸும் ஒரு பையில் நிறைத்துக்கொண்டு வந்தார். பஸ் கினிகத்தேனையைத் தாண்டியதிலிருந்து அந்த வீட்டைப் பற்றியே பேசினார். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதில் ஒரு கோயில்பூ மரம், பகலில் எங்கேயும் லைட் போட வேண்டாத வீடு. ஊருக்குப் போகிறவர் போலிருந்தது அவர் முகம்.

வீட்டுக்காரியான பெரிய நோனா செத்துப்போய், வீடு இப்போது மகள் பேபியின் கையில் இருந்தது. வாரத்தில் சில நாள் டிக்கட் போட்டு ஆட்களை உள்ளே விடுகிறாள். கேட்டிலிருந்த காவலாளி பதிப்பாளர் தந்திருந்த கடிதத்தைப் பார்த்து என்னை உள்ளே விட்டுவிட்டு, அம்மாவிடம் சிங்களத்தில் டிக்கட் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே நின்றார். அதற்குள் உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்துவிட்டாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அவள் அம்மாவைக் கூப்பிட்ட பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மாவின் பெயர் வாயில் நுழையவில்லை என்று அந்த வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா அதற்குத் திரும்பினார், பதில் சொன்னார். எனக்குத் தெரியாத அந்தப் பெயரில் எனக்குத் தெரியாத ஒரு ஆள் இருந்தார்.

"என்னை வளத்தது இவங்கதான்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சிங்களத்தில் சொன்னாள். "எனக்கு ரெண்டாவது அம்மா மாதிரி."

நான் கமரா முக்காலியை விரித்தேன். அம்மா அவள் முழங்காலைத் தொட்டு, தழும்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். முற்றத்துப் படியில் விழுந்ததாம். ஆறாம் வகுப்பில் நான் மலைப்பாதையில் விழுந்து நாடி கிழிந்து தையல் போட்டது அம்மாவுக்குக் கடிதத்தில் தெரிந்த செய்தி. அவர் ஊருக்கு வருமுன் தையல் பிரித்தாகிவிட்டது.

"நீங்க செய்ற ரொட்டி சாப்பிட்டு எத்தன வருஷமாச்சு" என்றாள் அவள். அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராகக் குசினிக்குப் போனார். யாரும் வழி காட்டவில்லை. நான் முற்றத்தை எடுத்தேன், தூண்களை எடுத்தேன், மரத்து நிழல் சுவரில் ஏறுவதை எடுத்தேன். அம்மா சொன்னது சரிதான். பத்தரைக்கு வெயில் சாப்பாட்டு மேசைவரை வந்தது. உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

எடுத்து முடித்ததும், அம்மா தூங்கின அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவளுக்கு உடனே விளங்கவில்லை. வீட்டின் வரைபடத்தைச் சட்டம் போட்டு வாசல் பக்கம் மாட்டியிருந்தார்கள். அதில் தேடினாள்.

"இங்கதான். குசினிக்குப் பின்னால."

வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள் 'ஸ்டோர்' என்று எழுதியிருந்தது.

கதவைத் திறந்துவிட்டாள். உடைந்த கதிரைகள், ஒரு பழைய ஃபேன், டிக்கட் புத்தகக் கட்டுகள். ஜன்னல் இல்லை. கராஜ் பக்கச் சுவரின் உச்சியில் மட்டும் காற்றுக்கு நாலு துவாரம். முக்காலியின் கால்களை முழுதாக விரிக்க இடம் போதவில்லை. வாசலில் நின்று, லைட்டைப் போட்டுத்தான் எடுக்க முடிந்தது. எனக்குப் பின்னால் அம்மா ரொட்டித் தட்டோடு நின்றதைத் திரும்பியபோதுதான் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸைக் கித்துல்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அம்மா கேட்டார்:

"அதப் போயி எதுக்கு எடுத்த?"

"அதுவும் அந்த வீடுதானே."

"அந்தப் புள்ள மனசு என்னா பாடுபட்டிருக்கும்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

எல்லாப் படங்களோடும் அந்தப் படத்தையும் பதிப்பாளருக்கு அனுப்பினேன். ஆள் இல்லாத படம்தான், நிபந்தனைப்படிதான். நல்ல படம், ஆனால் இந்தக் கட்டடத்தின் கதைக்குள் அது வராது என்று பதில் எழுதினார். புத்தகம் வந்தது. வீட்டுக்கு நிறையப் பக்கங்கள். அம்மா என்னை உட்காரவைத்து, இங்கிலீஷில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார். இருட்டான ஒரு மூலைகூட இல்லாத வீடு இது என்று போட்டிருந்தது. சொன்னேன்.

"ஆமா" என்றார் அம்மா. "வெளிச்சமான வீடுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பாய இந்தப் பக்கம் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் அரிசி மூட்ட." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அழிச்சிரு" என்றார்.

"ஏன் அழிக்கணும்? பதினொரு வருஷம் நீங்க எனக்கு இல்ல. அங்கதான் இருந்தீங்க. எனக்குப் பாக்குறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"நீ படிச்சது அந்த ரூம்புலருந்துதான். ஒங்கப்பாவுக்கு மருந்து வாங்குனது அந்த ரூம்புலருந்துதான். நீ அதக் காட்டி யார அசிங்கப்படுத்தப் போற? அவங்களையா, என்னையா?"

கம்ப்யூட்டரை மூடினேன். எதைச் சொல்லியிருந்தாலும் அது அவரை இன்னும் புண்படுத்தித்தான் இருக்கும். அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கங்களைக் காட்டுகிறார். இந்தத் தரையை நான்தான் மினுக்குவேன், இந்த மரத்தடிச் சருகை நான்தான் பொறுக்குவேன் என்கிறார். வந்தவர்கள் மகள் எடுத்த படமா என்று ஆச்சரியப்படுகிறார்கள். நான் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுகிறேன்.

போன தீபாவளிக்கு அவராகவே கேட்டார், அந்தப் படத்தை அழித்துவிட்டாயா என்று. அழித்துவிட்டேன் என்றேன். பொய்.