வலது கை தெரிந்தவர்களுக்கு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்காருவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஊரில் இருக்கும் உறவுக்காரர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் கூடத்தில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் என் மகள், வகுப்பில் கேட்ட கேள்விக்குத் தானே முதலில் கை தூக்கியதாகப் பெருமையாகச் சொன்னாள். "எந்தக் கையை?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மந்தைவெளியில் கால்வாய்க்குப் போகிற வழியில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஓட்டுக் கட்டடம். நாலாம் வகுப்பு வரைதான். முப்பதுகளின் ஆரம்பத்தில் நான் நாலாவதில் இருந்தேன். ஐந்தாவது படிக்க வேண்டுமானால் ட்ராம் தண்டவாளத்தைத் தாண்டி லஸ் பக்கம் போக வேண்டும். அப்பா கால்வாயோரத்து விறகுத் தொட்டியில் கட்டை பிளக்கிறவர். "ட்ராம் ரோட்டைத் தாண்டிப் போற படிப்பு பொட்டப்புள்ளைக்கு வேணாம். இங்கயே அஞ்சாவது வந்தா படிக்கட்டும், வரலைன்னா வூட்ல கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சொன்னதை மாற்றுகிறவர் இல்லை.

ஐந்தாவது வருவது இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. முந்தின வருஷம் வந்தவர் பள்ளிக்கூடம் மூன்று விஷயங்களில் முன்னேற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: பிள்ளைகள் தவறாமல் வர வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், மனக்கணக்கு போட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் ஐந்தாம் வகுப்புக்கு உத்தரவு. எங்கள் வாத்தியார் இதைத் தினமும் காலையில் வாய்விட்டுச் சொல்வார். பிறகு பிரம்பை எடுப்பார்.

வராத பிள்ளையைப் பிடிக்க நாலாவதில் பெரிய பையன்கள் இரண்டு பேரை அனுப்புவார். அவர்கள் கையிலும் காலிலும் பிடித்து, செத்த ஆட்டைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருவார்கள். தலை வழியெல்லாம் இடித்துக்கொண்டு வரும். சுத்தத்துக்குக் கிணற்றடியில் தேங்காய் நார். முழங்காலில் அழுக்கு இருந்தால் தோல் சிவந்து ரத்தம் கசியும்வரை தேய்க்கச் சொல்வார். மனக்கணக்குக்குப் பிரம்பு. வலது உள்ளங்கையில்தான் அடிப்பார். எழுதுகிற கைக்குத்தான் ஞாபகம் இருக்க வேண்டும் என்பார்.

இதையெல்லாம் கொடுமை என்று யாரும் சொல்லவில்லை. என் அப்பாவே ஒருநாள் வாசலில் நின்று, "கண்ணை மட்டும் வுட்டுடு வாத்யாரே, மிச்சத்த நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வீங்கின கையை வீட்டில் காட்டினால், "தப்பு பண்ணாம அடிப்பாரா?" என்று முதுகில் இன்னொன்று விழும். அம்மா மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவாள், அவளும் ஒன்றும் கேட்க மாட்டாள்.

வாத்தியார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும், ஒருவர் கை கூடக் கீழே இருக்கக் கூடாது. ஆனால் பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. வாத்தியார் வலது கைக்காரனைப் பார்த்து எழுப்புவார். வகுப்பு முழுக்கக் கெட்டிக்காரர்கள் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொள்வார். மற்றப் பள்ளிக்கூடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை வைத்தார். முதல் கேள்வியிலேயே ஒரு பெண் பதில் தெரியாமலே வலது கையைத் தூக்கிவிட்டாள். எழுப்பினார், விழித்தாள். அவ்வளவுதான். அந்த வரிசை முழுவதையும் நீட்டச் சொன்னார். பிறகு அடுத்த வரிசை. பிரம்பு நுனி பிளந்துவிட்டது. அதைப் போட்டுவிட்டு மேஜைமேல் இருந்த ரூல் தடியை எடுத்தார். என் முறை வந்தபோது என்னையறியாமல் கையை இழுத்துக்கொண்டேன். அடி காற்றில் போனது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேஜை விளிம்பில் வைத்து அடித்தார். கட்டை விரலிலிருந்து முழங்கைவரை வெந்நீர் ஊற்றினதுபோல் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் தையற்காரர் மகன். லஸ் முனையில் அவன் அப்பா மெஷின் போட்டிருந்தார். மனக்கணக்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். சாயங்காலம் கடையில் அப்பாவுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பான். பொத்தான் துளைக்கு நூல் கட்டுகிற அந்த வேலை அவன் கைக்கு அவ்வளவு சுத்தமாக வரும்.

"நான் சரியாத்தானே சார் தூக்கினேன்?" என்று கேட்டான்.

"எதிர்த்தா பேசறே?"

உள்ளங்கையைத் திருப்பி வைத்து விரல் முட்டியில் போட்டார். ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம். அவன் கத்தவில்லை. உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை இடது கையால் பொத்திக்கொண்டான். சிறிது நேரத்தில் விரல் மட்டும் தனியாக, கருநீலமாக வீங்கியது.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை. வந்ததும் கிணற்றடியை எட்டிப் பார்த்தார், எங்கள் முழங்கால்களைப் பார்த்தார். ஆஜர் சரியாக இருந்தது. நாலு நாளாக வராமல் ஆற்றங்கரையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பையனை அன்று காலையில்தான் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள். அவன் தலையில் புடைப்பு இருந்தது.

"ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. மூன்றரைப் படிக்கு எத்தனை ஆழாக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாக் கைகளும் எழுந்தன. வாத்தியார் முகம் வெளுத்தது. அத்தனையும் இடது கைகள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் வலது கை மடியிலிருந்து எழவே மறுத்தது. மற்றவர்களுக்கும் அப்படித்தான். கூட்டத்தில் ஒரே ஒரு வலது கை இருந்தது. ஆற்றங்கரைப் பையனுடையது. அவன் முந்தின நாள் அடி வாங்கவில்லை, இந்த ஏற்பாடும் அவனுக்குத் தெரியாது.

வேறு வழியில்லாமல் வாத்தியார் அவனையே எழுப்பினார்.

"எனுக்குத் தெரியாது சார். எல்லாம் தூக்கினாங்கோ, நானும் தூக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது போயிற்று என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் வகுப்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாமாகவே தையற்காரர் மகனைக் காட்டி, "நீ சொல்லு" என்றார்.

"இருபத்தெட்டு சார்."

இன்னொருத்தியைக் கேட்டார். அவளும் சொன்னாள். வேறு கணக்கு ஒன்று கொடுத்து என்னைக் கேட்டார். சொன்னேன், சரியாகவும் இருந்தது.

"எல்லாருக்கும் தெரிகிறதே. பின்னே ஏன் எல்லாரும் இடது கை?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் குனிந்து தையற்காரர் மகனின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். விரல் கோணி நின்றது. என் கையையும் பார்த்தார். அடுத்தவள் கையையும் பார்த்தார்.

"கணக்கு நன்றாக வந்திருக்கிறது" என்றார் வாத்தியாரிடம். "ஐந்தாவதுக்கு எழுதிவிடுகிறேன். ஆனால் எழுதுகிற கையில் ஏன் ஐயா போடுகிறீர்? முதுகு இல்லையா?"

வாத்தியார் கும்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் நானும் இன்னும் சில பெண்களும் வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். தையற்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிற்று. கையில் துணி அளக்கிற கஜக்கோல்.

"வாத்யாரே, என் புள்ள வெரலு ஒடிஞ்சி கீது."

"உட்காருங்க. உங்க பையனாலதான்யா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அஞ்சாவது வந்திருக்கு. இன்ஸ்பெக்டரே மெச்சிட்டுப் போனார்."

"அஞ்சாவதை வச்சிக்கினு காஜா எடுப்பானா? இந்த வெரல்ல ஊசி நிக்குமா? நீயே சொல்லு."

"சின்ன எலும்பு, கூடிடும்."

"கூடிடுமா? சரி. கையை நீட்டு."

வாத்தியார் பின்னால் நகர்ந்தார். தையற்காரர் அவர் சட்டையைப் பிடித்து மேஜைமேல் சாய்த்து, வலது கையை விளிம்பில் வைத்து அழுத்தினார். கஜக்கோல் இறங்கியது. வாத்தியார் அலறினார். இரண்டாவது அடியில் கோல் முறிந்தது. கையில் இருந்த துண்டாலேயே திரும்பவும் அடித்தார். மைக்கூடு கவிழ்ந்து வாத்தியார் வேட்டியெல்லாம் நீலமாயிற்று. நாங்கள் துடைப்பத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

என்னைக் கூட்டிப்போக அப்பா வந்திருந்தார். வாசலில் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாரே தவிர உள்ளே வரவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகுதான் வந்தார்.

"அடிச்சாச்சில்ல நைனா, வுடு. மேல எழுதிக் கிழுதி போட்டுடாதே. ஸ்கூலை மூடிடுவானுங்கோ, என் பொண்ணு படிப்பு பூடும்."

தையற்காரர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "எனுக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சவன் வெரலு ஒடிஞ்சி வூட்ல குந்திகினு கீறான்" என்று சொல்லிவிட்டுத் துண்டுக் கோலை எறிந்துவிட்டுப் போனார்.

அப்பா மேஜைப் பக்கம் திரும்பினார். "வாத்யாரே, அஞ்சாவது வருதா, இல்லியா?"

வாத்தியார் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "வருது" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடந்தது. வாத்தியார் இடது கையால் கரும்பலகையில் எழுதினார், எழுத்துக் கோணலாக இருந்தது. தையற்காரர் மகன் வரவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வர யாரையும் அனுப்பவில்லை. அவன் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன்.