ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கவுண்டர் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. அங்கே சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்மேலும் சேர்த்துத்தான்.

அதற்கு முந்தைய வருடம்வரை எங்களிடம் இருந்தது நீளமான ஒரு ரிஜிஸ்டர். பெயர், வயது, கணவர் அல்லது அப்பா பெயர், தெரு, போன் நம்பர், என்ன டெஸ்ட். எழுதி எழுதிக் கை கடுக்கும். ஓனர் உழவர்கரையில் இரண்டாவது கிளை திறந்ததும், இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும், ரிப்போர்ட்டை நாங்கள் ஒவ்வொன்றாக அனுப்பாமல் அது தானாகவே ஜனங்களின் போனுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியைப் பிடித்தார்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்று நாள் இருந்தார்கள். மூன்று நாளும் ஓனருடைய ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு உள்ளே, காபி உள்ளே. கதவைத் திறந்தால் எட்டடி தூரத்தில் கவுண்டர். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிற ஜனங்களிடம் நாங்கள் என்ன கேட்கிறோம், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அரை மணி நேரம் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. கிளம்புகிற அன்றைக்கு ஒருவர் மட்டும் என் பக்கம் வந்தார்.

"மேடம், பேஷண்டுக்கு மொபைல் நம்பரையே அடையாளமா வெச்சுக்கலாம்ல? எல்லார்கிட்டயும் போன் இருக்கும்ல?"

"இந்தக் காலத்துல போன் இல்லாதவங்க யாரு சார்?" என்றேன்.

அவர்கள் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் அவ்வளவுதான். பிறகு இங்கிலீஷில் அடித்த தடிமனான ஒரு காகிதக் கட்டை நீட்டினார். கவுண்டரில் இருப்பவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டதாக ஒரு கையெழுத்து வேண்டுமாம். எதிரே கூட்டம் நின்றது. படிக்காமல் போட்டுக் கொடுத்தேன்.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த முதல் வாரமே இடித்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு பெரியவர் மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருவார். பிரான்சில் இருக்கிற மகளின் நம்பரைத்தான் கொடுப்பார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவள்தான் அவரைத் திட்டுவாள். பத்து இலக்கம் இல்லாத நம்பரை வாங்கவே மாட்டேன் என்றது கம்ப்யூட்டர். "பத்து வருஷமா வரேன், இதுக்கு என்னைத் தெரியலியாமா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனியிடம் சொன்னோம். லோக்கல் நம்பர் கேட்டு வாங்குங்கள் என்று பதில் வந்தது. மகள் குடும்பத்தோடு ஊர் மாறி வரவேண்டும் போலிருக்கிறது.

அடுத்த இடி குருசுக்குப்பத்திலிருந்து வந்தது. அங்கிருந்து வரும் பெண்கள் பலர் ஒரே நம்பரைக் கொடுப்பார்கள். போன் இல்லாமல் இல்லை, நல்ல போனாகவே வைத்திருப்பார்கள். ஆனால் ரிப்போர்ட் இங்கிலீஷில் வரும். தெருவில் அதைப் படிக்கத் தெரிந்த பெண் யாரோ, அவளுடைய நம்பரைக் கொடுப்பது வழக்கம். அவள் படித்துப் பார்த்து, வீடு வீடாகப் போய், உனக்கு ரத்தம் கம்மி, உனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாள். எத்தனை புத்திசாலித்தனமான ஏற்பாடு! பல வருடமாக எனக்கும் தெரிந்த ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆள் கேட்டபோது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. எல்லாரிடமும் போன் இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டார். கொடுக்கிற நம்பர் அவரவருடையதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு நம்பரில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தால் இரண்டாவது ஆளைச் சேர்க்க விடாது அந்த சாஃப்ட்வேர். வரிசையோ வாசல்வரை நிற்கும். அப்போது நான்தான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். பழைய ஆளைத் திறந்து, பெயரையும் வயதையும் மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தால், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கவுண்டரில் இருந்த மற்ற இரண்டு பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். "அக்கா, செம மூள உங்களுக்கு" என்றார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, மீன் விற்கிற அம்மா ஒருவர் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து, எங்கள் லேப் ரிப்போர்ட்டைக் கவுண்டரில் ஓங்கி வைத்தார். கையில் செதில்கூடக் காயவில்லை. பின்னால் அவருடைய மருமகள், ஏழு மாதக் கர்ப்பிணி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, இவளுக்கு ஓ பாசிட்டிவுன்னு போட்டுக் குடுத்தது நீங்கதான? பெரியாஸ்பத்திரியில ரெண்டு வாட்டி பாத்துட்டு நெகட்டிவுங்கிறாங்க. எது நெசம்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கறதுதாம்மா ரிப்போர்ட்ல வரும். அது தப்பு பண்ணாது. அங்க மாத்திப் பாத்திருப்பாங்க" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன்.

"அப்ப என் மருமவதான் பொய் ரத்தத்த உடம்புல வெச்சிருக்காளா?" என்று அவர் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

விஷயம் சின்னதில்லை. அம்மாவின் ரத்தம் நெகட்டிவாக இருந்தால், குழந்தையுடையது பாசிட்டிவாக இருக்கக்கூடும் என்பதால், ஏழாம் மாதத்தில் ஒரு ஊசி போட்டாக வேண்டும். போடாமல் விட்டால் அடுத்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரலாம். எங்கள் ரிப்போர்ட்டை அரசு ஆஸ்பத்திரியில் அப்படியே நம்பியிருந்தால் அந்த ஊசியைப் போட்டிருக்கவே மாட்டார்கள். நல்லவேளை, அங்கே வெளி ரிப்போர்ட்டை நம்புவதில்லை. தாங்களே பார்த்துத்தான் எழுதுவார்கள்.

சத்தம் கேட்டு எங்கள் டெக்னீஷியன் பெண் உள்ளேயிருந்து வந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அக்கா, இவங்களுக்கு நான் குரூப் டெஸ்ட்டே பண்ணல. அதுக்கு லேபிளே வரல" என்றாள்.

என்ன டெஸ்ட் செய்ய வேண்டும் என்று ரத்தக் குழாயில் ஒட்டுவதற்குக் கம்ப்யூட்டர் அடித்துக் கொடுக்கிற அந்த லேபிள் ஏன் வரவில்லை என்று தேடியபோதுதான் குட்டு உடைந்தது. ரத்த வகை வாழ்நாள் முழுக்க மாறாதல்லவா? அதனால் ஒரு நம்பரில் ஒரு தரம் அது பதிவாகிவிட்டால் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டாம், பழையதையே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சாஃப்ட்வேரில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். அந்த நம்பர் இந்தப் பெண்ணின் நாத்தனாருடையது. தெருவுக்கே ரிப்போர்ட் படித்துச் சொல்கிறவள் அவள்தான். நாலு மாதம் முன்பு அவள் வந்து டெஸ்ட் செய்துகொண்டு போயிருந்தாள். அவள் பெயரை அழித்து அண்ணியின் பெயரை அடித்தது எங்கள் கவுண்டர். நாத்தனாரின் ரத்த வகை மட்டும் அழியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெண்ணை உட்காரவைத்து உடனே ரத்தம் எடுத்தோம். ஓ நெகட்டிவ். திருத்திய ரிப்போர்ட்டில் ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான்தான் கேட்டேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "அது யூசர் எரர் மேடம். பேர மாத்தச் சொல்லி நாங்க சொல்லலியே? டிசைனுக்கு நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார் அதே ஆள். இரண்டே நிமிடத்தில் என் கையெழுத்தைப் படம் பிடித்து அனுப்பியும் வைத்தார். ஒரு சின்னப் பிழையைச் சரி செய்யக் கேட்டால் பத்து நாள் இழுக்கிறவர்கள், என் கையெழுத்தைத் தேடி எடுக்க இரண்டு நிமிடம்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இன்னும் எத்தனை பேருக்குத் தப்பாகப் போயிருக்கிறதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பெயர் மாற்றியவர்களின் பட்டியல் கேட்டேன். பழைய பெயர் எதுவும் சேமிப்பில் இருக்காது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, அட்டைப் பெட்டிகளில் கிடந்த பில் நகல்களைப் புரட்டினேன். ஒரே நம்பரில் வேறு வேறு பெயர்கள் வந்த இடங்களைக் குறித்துக்கொண்டேன். ரத்த வகை சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் பதினாறு பேர். பாதிக்கு மேல் அந்த ஒரு தெரு.

"எல்லாரையும் கூப்ட்டுச் சொன்னா லேப் பேரு என்னாவறது?" என்றார் ஓனர்.

நீங்கள் கூப்பிடாவிட்டால் நானே வீடு வீடாகப் போவேன் என்றேன். டெஸ்ட் செய்கிற சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே, "போறதுன்னா லேப் பேரச் சொல்லாதீங்க" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "தப்பா எழுதிக் குடுத்த பேப்பர்ல லேப் பேரு இருக்குதே சார், அது மட்டும் பரவாயில்லியா?" என்று கேட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் சாயங்காலம் டெக்னீஷியன் பெண்ணும் நானும் குருசுக்குப்பம் போனோம். பெண்கள் கூடிவிட்டார்கள். லேப் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். பெயரை அழித்து எழுதுகிற குறுக்கு வழியைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுபடியும் ரத்தம் கொடுங்கள் என்றபோது ஒருவரும் கை நீட்டவில்லை. "திரும்பவும் உங்ககிட்டயேவா?" என்று கேட்டார்கள். அதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்போது அந்த மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அவள் குரலையே கேட்டேன்.

"மொதல்ல எனக்கு எடுங்க. என்து என்னான்னு பெரியாஸ்பத்திரி சீட்டுலயே இருக்கு. நீங்க பாக்கறதும் அதுவும் ஒண்ணா வருதான்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். நாத்தனாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

இரண்டு கண்ணாடித் துண்டுகளில் இருவரின் ரத்தத்தையும் சொட்டுச் சொட்டாக வைத்து மருந்து விட்டோம். நாத்தனாரின் கண்ணாடியில், பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டுகிற கடைசிச் சொட்டு பால் திரிவதுபோலத் திரிந்தது, பாசிட்டிவ். இவளுடையது கடைசிவரை திரியவே இல்லை, நெகட்டிவ். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி எல்லாருக்கும் படித்துக் காட்டினாள் நாத்தனார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். மற்ற தெருக்காரர்களையும் அடுத்தடுத்த நாட்களில் போய்ப் பார்த்தோம். பட்டியலில் இருந்தவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு நாங்கள் தப்பாகக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு பெண் அடுத்த மாதம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாள்.

அந்த மருமகளுக்கு ஊசி சரியான நேரத்தில் போட்டுவிட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

அந்த லேபை விட்டு நான் வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வேலை பார்க்கிற இடத்தில், கம்ப்யூட்டர் மாற்ற யார் வந்தாலும், முதலில் கவுண்டரில் என் பக்கத்தில் அரை நாள் உட்கார வைத்துவிடுகிறேன். முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். போன மாதம் அந்தப் பழைய கம்பெனியின் விளம்பரத் தாள் ஒன்று எங்களுக்கும் வந்தது. ஒரே நம்பரில் எத்தனை பேரையும் தனித்தனியாகச் சேர்க்கலாம், புத்தம் புது வசதி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அது எப்படி வந்தது, யார் சொல்லி வந்தது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏசி அறையில் அவர்கள் செய்ததை, படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதை, கடைசியில் சோதித்துப் பார்த்தது ஏழு மாத வயிற்றோடு வந்து கை நீட்டிய அந்தப் பெண் ஒருத்திதான். எங்கள் வேலையை அவள் தன் ரத்தத்தைக் கொடுத்துச் செய்தாள் என்ற நினைப்பு என் கோபத்தை இன்றுவரை ஆறவிடவில்லை. அது ஆறவும் வேண்டாம்.