விசிலம்மாவின் வேகத்தடை

என் மாமியாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் அவரைப் புகழ்வது போலத் தோன்றினால், அது என் விருப்பத்தை மீறி நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவிலும் அவரை யாருக்கும் பிடிக்காது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் அந்த வேலைக்கு வரத் தயங்கிய காலத்தில் சேர்ந்து, படியில் தொங்குகிறவனைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டவர். ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார், பேட்ஜைக் கொடுத்தார், விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு கிடக்கும். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போகலாம். பஸ்ஸில் இருந்த சட்டம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் வெளியே ஒரு விசில் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஈரத்தலையோடு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். தெருவில் அவருக்கு விசிலம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவு பயம்.

மாமனார் நேர் எதிர். அதிர்ந்து பேச மாட்டார். வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர், பிரேக் கட்டை, கோணலான சக்கரம், எது வந்தாலும் முகம் மலரும். எங்கள் வீட்டைத் தாண்டியதும் சாலை சட்டென்று வளையும். இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே இது குறுக்கு வழி. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத வண்டியெல்லாம் இதற்குள் புகுந்து பறக்கும். அப்படிப் பறந்த ஒரு சரக்கு வேன்தான் மாமாவின் இடுப்பை உடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. சாலையைக் கடக்க ஆரம்பித்தால் அவர் போய்ச் சேருவதற்குள் பார்க்கிறவருக்கு உயிர் போய்விடும்.

"கடைய வித்துடலாம்பா. பேசாம வீட்ல உக்காருங்க" என்றார் என் கணவர்.

"ரோட்டச் சரி பண்ணத் துப்பில்ல, மனுஷனைப் பூட்டி வெக்கச் சொல்றான்" என்றார் மாமியார்.

மாமா சில நாள் உட்கார்ந்துதான் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தை இறக்கித் துடைத்து மாட்டுவார். மறுபடி இறக்குவார். "கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்மா" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கடை இல்லாவிட்டால் இந்த மனிதர் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அத்தைக்கு அது எனக்கு முன்பே புரிந்திருந்தது. மறுநாள் காலையிலேயே விசிலோடு வாசலில் நின்றார். மாமா கடைக்குக் கிளம்பினால் இவர் நடுரோட்டில் இறங்கி ஒரு விசில் அடிப்பார். வண்டிகள் கிறீச்சிட்டு நிற்கும். திட்டுவார்கள். "வீட்ல சொல்லிட்டு வந்தியா கெழவி?" என்பான் ஒருவன். "நீ சொல்லிட்டு வந்தியாடா? இல்லன்னா ஆளனுப்பிச் சொல்லட்டுமா?" என்பார் இவர். தெருவே ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அதோடு விடவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அங்கே இருக்கிறவர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டி, கடைசியில் ஓர் இன்ஜினியரைத் தெருவுக்கே அழைத்து வந்துவிட்டார். அந்த ஆள் வளைவைப் பார்த்தார், எங்கள் வாசலைப் பார்த்தார்.

"இங்கதாம்மா போடணும். வளைவுக்கு முன்னாடியே வேகம் கொறையணும். ஸ்பீட் பிரேக்கர், பக்கத்துல கடக்கறதுக்கு வெள்ளைக் கோடு. ஆனா தெருக்காரங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாதான். இன்னிக்குப் போட்டு நாளைக்கு இடிக்கச் சொன்னா எங்களால ஆகாது."

கூட்டம் பல் டாக்டரின் கிளினிக்கில் நடந்தது. அங்கேதான் நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன், எனவே நாற்காலி போட்டதும் நான்தான், கூத்தைப் பார்த்ததும் நான்தான். வேகத்தடை வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. ஆளாளுக்கு விபத்துக் கதை சொன்னார்கள். உச்சுக் கொட்டினார்கள். எங்கே போடுவது என்று இன்ஜினியர் கேட்டதும் முகங்கள் மாறின.

"அவசியம் போடணும். ஆனா என் வாசல்ல வேணாம்" என்றார் டாக்டர். "லாரி ஏறி எறங்கினா தரை அதிரும். ஒருத்தர் வாயில நான் ஊசி வெச்சிருக்கறப்ப அதிர்ந்தா என்ன ஆகும்?"

"என் அடுப்புல கேக் உப்பி வர்ற நேரத்துல தொம்முன்னு ஒண்ணு விழுந்தா போதும், அத்தனையும் அமுங்கிடும்" என்றார் பேக்கரிக்காரர்.

தெருவிலேயே உயரமான கேட் வைத்த வீட்டுக்காரர் ஒருவர் உண்டு. பெரிய கேட் என்றுதான் அவரைச் சொல்வோம். அவர் எழுந்து தொண்டையைச் செருமி, தன் புதுக் காரின் அடிப்பாகம் தட்டும் என்றார்.

மாமியார் ஒவ்வொருவரையும் கிழித்தார். டாக்டரிடம், "ஊசியே இல்லாமதான் போன வாரம் ஒருத்தன அலற வெச்சீங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் அவர் மேஜையைத் தட்டினார்.

"எவன் வாசலும் வேணாம். இன்ஜினியர் காட்டின எடம் எங்க வாசல்தான். அங்கயே போடுங்க."

அப்போது என் கணவர் எழுந்தார்.

"எங்க வாசல்லயும் வேணாம். செவுரு ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கு. நாள் பூரா லாரி குதிச்சா வீடு நிக்குமா? அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வேற எடம் பாருங்க சார்."

மாமியாரின் கை விசிலுக்குப் போனது. அதைப் பிடித்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது. ஊரையே உலுக்கிய அந்த அம்மாள் பெற்ற பிள்ளையின் முன்னால் பெட்டிப்பாம்பாய் அடங்கிப்போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். மாமா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை கிடந்தது. அதன் சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. காலி மனைக்கு வாயில்லை, எனவே அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

"வளைவுக்கு அப்புறமா? அங்க போட்டா..." என்று இழுத்தார் இன்ஜினியர்.

"ஜனங்க முடிவு சார்" என்றார் பெரிய கேட்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "ஏன் அத்தை சும்மா இருந்துட்டீங்க?"

"நாலு பேரு முன்னாடி பெத்த புள்ளைய விட்டுக் குடுக்கச் சொல்றியா? போய் வேலையப் பாரு" என்று என் மேல் பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலில் பாதியைக் கூட்டத்தில் காட்டியிருக்கக் கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேகத்தடை காலி மனை முன்னால் வந்தது. வெள்ளைக் கோடும் அதன் பக்கத்திலேயே வந்தது. வண்டிகள் பழையபடி எங்கள் வாசலில் பறந்தன, வளைவில் திரும்பின, திடீரென்று மேட்டைப் பார்த்து அலறி நின்றன. மேட்டின் ஓரத்துக்கும் சாக்கடைக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு விட்டிருந்தார்கள். பைக்கில் வருகிறவர்கள் அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது கூட ஆகவில்லை. மேட்டில் ஏறாமல் அந்தச் சந்தில் சர்ரென்று நுழைந்து போனார்கள். நடக்கிறவர்கள் நடப்பதும் அதே இடத்தில்தான். மாமாவோ சொன்ன சொல் தட்டாதவர். கோட்டில்தான் கடக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார் என்பதற்காக, வளைவைச் சுற்றி அங்கே போய்க் கடந்து, திரும்பி நடந்து கடைக்கு வருவார். 'கோடு இருக்கே, விசில் எதுக்கு?' என்று அத்தையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

அந்தச் சந்தில் புகுந்து போவதில் என் கணவர் கைதேர்ந்தவர். நானே பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

"மேட்டுல ஏறித்தான் போங்களேன்" என்பேன்.

"ஷாக் அப்சர்பர் போயிடும்டி. எல்லாரும் இப்படித்தானே போறாங்க."

ஒரு சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, அது நடந்தது. சத்தம் கேட்டு நான் கிளினிக்கிலிருந்து ஓடினேன். மாமா சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். பஞ்சர் ஒட்டும் டப்பா திறந்து சாமான்கள் சிதறிக் கிடந்தன. ஒரு பைக் விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பா... நான் பாக்கலப்பா..." என்றார் என் கணவர்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார் மாமா. "வண்டிக்கு ஏதாவது அடியா?"

வளைவுக்கு இந்தப் பக்கம் நின்ற மாமியாருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "எந்த நாயிடா அது? எவன் அவன்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். பெரிய கேட் மெதுவாகத் தலையைத் திருப்பி என் கணவரைப் பார்த்தார். மாமியாரும் பார்த்தார். அந்த முகத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். என் கணவர் மேல் எனக்கு வந்த வெறுப்பையும் மறக்க மாட்டேன்.

மணிக்கட்டு உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கை சரியாகிவிடும், ஆனால் நாளாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மாமியார் மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

மறுநாளே இன்ஜினியரைக் கையோடு இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். இந்த முறை கூட்டமும் இல்லை, நாற்காலியும் இல்லை.

"என் வாசல்ல போடறதுக்கு எவன்கிட்ட கேக்கணும்? போடுங்க. இந்தச் சாக்கடையிலேர்ந்து அந்தச் சாக்கடை வரைக்கும், ஒரு எலி புகுந்து போக எடம் இருக்கக் கூடாது. தண்ணி போக அடியில குழாய் விடுங்க."

உள்ளேயிருந்து என் கணவர், "அம்மா, செவுரு..." என்றார்.

"விழட்டும்" என்றார் மாமியார், திரும்பிப் பார்க்காமல்.

பழைய மேட்டை உடைத்தெடுத்தார்கள். புதியது எங்கள் வாசலில் வந்து படுத்தது, வெள்ளைக் கோடும் கூடவே வந்தது. அதனோடு குடும்பம் நடத்துவது நரகம். லாரி ஏறினால் அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்து ஓரத்துக்கு வருகின்றன. ஹாலில் ஜன்னல் வரை இருந்த விரிசல் இப்போது தரையைத் தொட்டுவிட்டது. மதியம் கண்ணயர முடியவில்லை. நான் தினமும் அத்தையைத் திட்டிக்கொண்டேதான் டம்ளர்களைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறேன். ஆனால் வண்டிகள் ஊர்ந்து போகின்றன. அதை இல்லையென்று சொல்ல என் வாய் வரவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்ததும் மாமா மறுபடி கடை திறந்தார். அந்த முதல் நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, தோளில் ஒரு பழைய ட்யூபைப் போட்டுக்கொண்டு வெள்ளைக் கோட்டில் கால் வைத்தார். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். மாமியார் வாசலில். வேலை முடிந்து என் கணவர் பைக்கில் வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்துக்குச் சாலையில் வேறு வண்டி இல்லை.

மாமியார் ஒரு விசில் அடித்தார்.

என் கணவர் மேட்டுக்கு முன்னால் காலை ஊன்றி நின்றார். மாமா குட்டைக் காலை இழுத்து இழுத்து வந்தார். பாதி வழியில் மகனைப் பார்த்து, தேறிய கையைத் தூக்கி ஆட்டிச் சிரித்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமா வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

மாமியார் அதற்குப் பிறகும் அங்கேயே நின்றார். ஆஸ்பத்திரி நாளிலிருந்து முகம் பார்க்காத பிள்ளையை அன்றைக்குத்தான் நேராக, நன்றாகப் பார்த்தார். விசிலை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். மாமாவின் தோளிலிருந்த ட்யூபை வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

என் கணவர் அங்கேயே நின்றார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது.

"வாங்களேன், ஏன் நிக்கறீங்க?" என்றேன் ஜன்னலிலிருந்து.

"அம்மா இன்னும் ரெண்டு விசில் அடிக்கலையே" என்றார்.

உள்ளே மாமியார் மாமாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.