ராகுகாலத்துக்கு முன் ஒரு கெர்னல்

எங்கள் பிரவுசிங் சென்டருக்கு ஞாயிறு சாயங்காலம்தான் உயிர். கப்பலூர் பட்டறைகளில் வேலை பார்க்கும் பையன்கள் ஓர் அணி, காலேஜ் பையன்கள் ஓர் அணி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுவார்கள். கப்பலூர் அணி தோற்கும்போதெல்லாம் பழி, ஆட்டத்தை நடத்தும் கடையின் சர்வர் மேல்தான்.

"நான் செத்ததுக்கப்பறம்தான்க்கா என் துப்பாக்கியிலருந்து குண்டே கிளம்புது! அடுத்த வாரமும் இப்படின்னா பைபாஸ்ல புதுசா தொறந்திருக்க கடைக்குப் போயிருவோம்" என்று அவர்களில் ஒரு வாயாடி சொல்லிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. அந்த சர்வரை உட்கார்ந்து உட்கார்ந்து உருவாக்கியவள் நான்.

குறை எதுவென்று எனக்குத் தெரியும். லினக்ஸின் கெர்னல், அதாவது மொத்த இயந்திரத்தையும் மேய்க்கிற அடி மென்பொருள், வினாடிக்கு நூறு தடவைதான் நேரம் பார்த்தது. சண்டை விளையாட்டுக்கு அது போதாது. ஆயிரம் தடவை பார்க்கும் புதிய கெர்னலை எடுத்து, சவுண்டு, பிரிண்டர் என்று வேண்டாததையெல்லாம் உருவிப்போட்டு, நானே கம்பைல் செய்து புதிதாகக் கட்ட உட்கார்ந்தேன்.

கடையில் பாதி என் அண்ணனுடையது. அவனுக்கு ஒரே கவலை, ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். "எத ஏத்துனாலும் அதுக்கு முன்னாடி ஏத்திரு பாப்பா" என்று எலுமிச்சம்பழத்தோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றான். சர்வரை மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு என்ன கார்டு என்று கேட்டேன். பரணிலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்து, மேலே இருந்த கம்பெனிப் பெயரை வாசித்தான். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்களில் அந்தக் கம்பெனியுடையதை மட்டும் வைத்துக்கொண்டேன். நாலரைக்கு முன்பே சர்வர் புதுக் கெர்னலோடு எழுந்தது, எலுமிச்சம்பழமும் நசுங்கியது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் சர்வர் தெரியவில்லை!

மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெட்டியில் ஒரு பெயர், கார்டின் சிப்பில் வேறு பெயர். பையன்களோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி ஏற்ற வேண்டும் என்றதும் அண்ணன் முகம் வெளுத்தது.

"ராகுகாலத்துலயா?"

"ஆரம்பிச்சது நல்ல நேரத்துலதானண்ணே? இது ரிப்பேரு. ரிப்பேருக்கு ஏது ராகுகாலம்?"

கொஞ்சம் யோசித்தான். அப்புறம் எல்லோருக்கும் டீ சொல்லப் போய்விட்டான். டீ வருவதற்குள் சரியான டிரைவரைச் சேர்த்துவிட்டேன்.

ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. விரல் அழுத்தினால் அடுத்த கணம் குண்டு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் கப்பலூர் அணி அன்று வாங்கிய அடி அதற்கு முன் வாங்காத அடி. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்கள். போச்சு, கடை மாறிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

வாயாடி மட்டும் என் மேஜைக்கு வந்தான்.

"சர்வரு சூப்பரா இருக்குக்கா. இம்புட்டு நாளா அதப் போயி திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்." காலேஜ் பையன்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கி வேலை முடிஞ்சு வாரோம்க்கா. அவிங்ககிட்ட சொல்லிராதீக. பழகணும்."