மூலையில் தெரிந்த பச்சை

புதிதாக ஒரு லென்ஸ் கைக்கு வந்தால் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கல்யாணப் படம் எடுக்கும் எனக்கு அது ஒத்துவராது. கல்யாணத்தில் யாரும் செய்தித்தாளைக் கட்டிக்கொள்வதில்லையே! நான் காரங்காட்டுக் கரைக்குப் போய்விடுவேன். வெள்ளைப் படகு, அலையாத்திக் காட்டின் கருத்த நிழல், கண்ணைக் கூசவைக்கும் தண்ணீர், எல்லாம் ஒரே படத்துக்குள் வந்துவிடும். லென்ஸின் யோக்கியதை அங்கே சீக்கிரம் வெளுத்துவிடும். பிலிம் காலத்தில் ரோலைக் கழுவி வாங்கும்வரை நெஞ்சு திக்திக்கென்று கிடக்கும். இப்போது கேமரா திரையிலேயே பெரிதாக்கிப் பார்த்து, அங்கேயே நின்று திட்டிக்கொள்ளலாம்.

அன்றைக்கு நான் கொண்டுபோனது பழசாக வாங்கிய ஒரு நீள ஜூம் லென்ஸ். படத்தின் நடுவில் நல்ல தெளிவு. மூலைக்குப் போனால் சகிக்கவில்லை. வெள்ளையாக எது இருந்தாலும் அதன் மேல் விளிம்பில் பச்சையும் கீழ் விளிம்பில் ஊதாவும், ஈரத்துணியில் சாயம் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. இந்த விளிம்புச் சாயத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்றவனை மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டியபடி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மச்சான், நயினார்கோவில் பக்கம் மிளகாய் போட்டவர். செடியெல்லாம் பட்டுப்போனதால் அக்காவோடு காரங்காட்டுக்கு வந்து, ஒரு சம்மாட்டியின் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். படகு வைத்திருக்கும் முதலாளியை அங்கே சம்மாட்டி என்பார்கள். மச்சானுக்கு நீச்சலும் சரியாக வராது. அன்று விடியலில் இன்னும் இரண்டு பேரோடு கடலுக்குப் போயிருந்தார்.

முற்பகலில் திடீரென்று காற்று கிளம்பியது. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கரையிலேயே நின்றேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மச்சான் போன படகு மட்டும் வரவில்லை. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால். அக்கா தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்தாள். சம்மாட்டி இன்னொரு படகை இறக்கச் சொன்னார். நாலு பேர் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு கிழக்கே தேடக் கிளம்பினார்கள்.

அப்போதுதான் அக்காவுக்கு என் ஞாபகம் வந்தது.

"தம்பி, நீ காலையிலயிருந்து எடுத்துக்கிட்டுதான இருந்த? அதுல பாருடா."

பார்த்தேன். காற்று கிளம்பிய நேரத்தில் எடுத்த கடைசிப் படத்தில், இடது மேல் மூலையில், வடக்கு நோக்கி ஒரு வெள்ளைப் படகு. பெரிதாக்கினால் கரைந்த சுண்ணாம்பாகத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா திரையில் விரலை வைத்துவிட்டாள்.

"பச்சைப் பட்டை தெரியுதுடா! அவுக படகுதான்!"

அந்தக் கரையில் வெள்ளைப் படகுக்கு மேல் விளிம்பில் பச்சைப் பட்டை அடித்திருந்தவர் எங்கள் சம்மாட்டி ஒருவர்தான். அவரும் குனிந்து பார்த்தார். "அட, நம்ம படகுதேன். வடக்க தொண்டிப் பக்கம் ஒதுங்கியிருப்பாய்ங்க. போனு நனைஞ்சு போயிருக்கும்" என்று மூச்சு விட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளம்பி நின்றவர்களிடம் ஓடினாள். "அண்ணே, இந்தக் காத்துல நீங்க எதுக்குப் போறீக? அவுக வந்துருவாக."

கேனைக் கீழே வைத்தார்கள்.

அந்தப் பச்சை பெயிண்டாக இருக்கக் கூடாதா என்று நானும்தான் ஏங்கினேன். சாமி சத்தியமாக ஏங்கினேன். ஆனால் காலையிலிருந்து அந்த மூலையைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்தானே!

"அக்கா, அந்தப் பச்சை படகோடது இல்ல. லென்ஸோடது."

"ஏலே, ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அடிக்கக் கை ஓங்கினாள்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. ஸ்டாண்டை மணலில் ஊன்றினேன். கொஞ்சம் தள்ளிக் கரையேற்றியிருந்த, பட்டை கிட்டை எதுவும் இல்லாத ஒரு வெள்ளைப் படகை அதே இடது மேல் மூலைக்குக் கொண்டுவந்து எடுத்தேன். ஸ்டாண்டின் கால் மணலில் புதைந்ததில் முதல் படம் ஆடிப்போனது. மறுபடி எடுத்துத் திரையை நீட்டினேன். அந்தப் படகுக்கும் மேல் விளிம்பு முழுக்கப் பச்சை.

அக்கா திரையைப் பார்த்தாள். எதிரே கிடந்த படகைப் பார்த்தாள். அதன் கிட்டே போய் விளிம்பைக் கையால் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்ப, போனது அவுக படகு இல்லையாடா?"

"தெரியலக்கா. அவுக படகாவும் இருக்கலாம். இந்தப் படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஏலே, எடுங்கடா கேன!" என்று சம்மாட்டி கத்தினார்.

படகு போனபிறகு அக்கா என் பக்கமே திரும்பவில்லை. மணலில் உட்கார்ந்து கடலையே வெறித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவர்கள் கிழக்கே அலைந்து வெறுங்கையோடு வந்து, மச்சான் தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், காலமெல்லாம் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு, போன படகு இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் இருந்தார்கள். மச்சானைக் கைத்தாங்கலாக இறக்கினோம். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. படத்தில் வடக்கே போன படகைப் பற்றிக் கேட்டேன்.

"வடக்க நாங்க போகவே இல்ல மாப்ள. கிழக்கதான் இஞ்சின் நின்னு போச்சு. அள்ளி அள்ளி ஊத்துறோம், தண்ணி ஏறிக்கிட்டேதான் இருக்கு. படகு அமுங்குற நேரத்துலதான் இவுக வந்தாக."

அவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினாள். என்னிடம் வந்து சட்டையைப் பிடித்தாள்.

"நாந்தானடா அவங்கள போகவேணாம்னு சொன்னேன்" என்றாள்.