பின்பக்கம் தூக்கிய எஸ்டீம்

வண்டியை நிறுத்தியதும் நூர் அகமது டிக்கியைத் திறப்பதில்லை. முதலில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்துகிறார். டயருக்கும் மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்க்கிறார். "ரெண்டு வெரலு போவுது. அப்போ சோறு கரெக்ட்டா கீது" என்கிறார். காலி வண்டியென்றால் நான்கு விரல் போகும். மூன்று போனால், வீட்டில் அரிசியைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

தட்டோடு வரிசையில் நிற்பவர்களுக்கு இதில் அக்கறை கிடையாது. "பாய், அத்த அப்பறம் பாரு பாய், பசிக்குது" என்று யாராவது குரல் கொடுத்த பிறகுதான் எழுந்திருப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தவணையாக.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே புங்கமரம் ஒன்று இருக்கிறது. பகல் பன்னிரண்டரைக்கு அதன் நிழலுக்கு அவருடைய வெள்ளை எஸ்டீம் கார் வந்துவிடும். பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்திருக்கிறார். அதன்மேல் சோற்றுத் தேக்சாக்கள் இரண்டு, தண்ணீர் கேன்கள், தட்டு மூட்டை. குழம்பு அண்டாவுக்கு மட்டும் முன்சீட்டு. அதற்கு சீட் பெல்ட் போட்டு, மூடியை ஒருமுறை தட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். "இவுங்கதான் முதலாளியம்மா. இவுங்க சிந்துனா நம்ம பொழப்பு சிந்துச்சி." வயது நாற்பத்தாறு. மெலிந்த உடம்பு, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, பேண்ட்டின் பின்பையில் சீப்பு. ஒரிசாக்காரப் பையன்களுக்கு இந்தியில் சோறு போடுவார். அவருக்குத் தெரிந்த இந்தி, இன்னும் வேண்டுமா என்பதற்கு 'அவுர்', போதுமா என்பதற்கு 'பஸ்', இரண்டுதான். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

பாரத்தோடு வரும்போது வண்டி ஒழுங்காக இருக்கும். எல்லாம் தீர்ந்து திரும்பும்போதுதான் வேடிக்கை. பின்பக்கம் மேலே எழும்பி, மூக்கு தரையைப் பார்க்கும். வெட்டுக்கிளி போகிறது என்று எங்கள் வாட்ச்மேன் சொல்வார். நூர் அகமது கோபித்துக்கொள்வதில்லை. "ஒரு காலத்துல இது எப்டி இருந்துச்சின்னு உனக்குத் தெரியாது" என்பதோடு சரி.

எனக்குக் கொஞ்சம் தெரியும். அவரே சொன்னதுதான்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவரும் இதே சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஷிஃப்ட் பார்த்தார். இந்த எஸ்டீமைப் பழைய வண்டியாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் அதைக் கவரைப்பேட்டையில் பச்சையப்பனின் பட்டறைக்குக் கொண்டுபோனார். நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி எடுத்தார்கள். அறுப்பு மிஷினைப் பிடித்தது இவரே. காரைத் தாழ்த்தி ஓட்டுவதுதான் அப்போது இளவட்டங்களுக்குப் பெருமை; வண்டி தரையோடு படிந்துவிட்டது. "ஒரு வெரலு போவாது சார். ஒரு பீடி போவாது. அப்டி ஒக்காந்துகினு இருக்கும், பூன மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழவேற்காடு சாலையில் ஓட்டம். பழவேற்காடு அவருக்குச் சொந்த ஊர். ஏரிக்காற்று உள்ளே வர, நாலு கண்ணாடியும் இறங்கியிருக்கும். கூட வேலை பார்த்த ஜெயராஜ் ஒல்லி. அதனால் பின்சீட்டில் அவருக்கு இடம் உண்டு. இன்னொரு சிநேகிதர் ஜோஷ்வா தொண்ணூறு கிலோ. அவர் ஏறினால் டயர் உரசும். ஆகவே ஜோஷ்வா பஸ்ஸில் வருவார். "பாவம், எங்களுக்கு முன்னாடியே போய்ச் சேந்து, கடகாரருகிட்ட எறா வறுக்கச் சொல்லி வெச்சிருப்பான். நாங்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்னு நின்னு போவோம்." இதைச் சொல்லும்போது அகப்பை பாதியில் நின்றுவிடும். வரிசையும் நின்றுவிடும்.

அவர் மனைவி ரமீஸாவுக்குப் பொன்னேரிப் பக்கத்து ஆரணி. நிக்காஹ் முடிந்து பெண்ணை அந்தக் காரில்தான் அழைத்துவந்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் எல்லாரும் இறங்கிக்கொள்ள வேண்டும். வண்டி காலியாக, குறுக்காக ஏறி இறங்கும். பிறகு எல்லாரும் ஏறுவார்கள். பெண்ணுக்கும் விலக்கில்லை. "பதினோரு வாட்டி எறங்கி ஏறுனேன்" என்று ரமீஸா இன்றைக்கும் கணக்குச் சொல்கிறார். "சரிகப் பொடவ, கையில பூச்செண்டு. பஸ்ல போறவன்லாம் வேடிக்க பாக்குறான். இவரு இன்னாடான்னா, அடி தட்டலையே, அடி தட்டலையேன்னு சிரிச்சிக்கினு கீறாரு!"

பிறகு ஆலையை மூடினார்கள். பொன்னேரி வீட்டில் ரமீஸா சமைக்க, இவர் காரில் எடுத்துவந்து விற்க ஆரம்பித்தார். இருபது சாப்பாட்டில் தொடங்கி, நாற்பதாகி, தொண்ணூறாயிற்று. சோறு கூடக் கூட வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. வேகத்தடையில் சைலென்சர் கீறும். திருப்பத்தில் டயர் உரசி, ரப்பர் கருகும் வாசனை குழம்பு வாசனையோடு கலந்து வரும். பச்சையப்பன் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் செருகிக் கொடுத்தார். இருபது நாளில் அவை பிதுங்கி விழுந்தன. வேறு ஸ்பிரிங் போட்டுத் தூக்கிவிடலாம் என்றபோது நூர் அகமது கேட்கவில்லை. "தூக்கிட்டா அப்பறம் அது என் வண்டியா? எவன் வண்டியோ."

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, எஸ்டீம் வரவில்லை. தச்சூர் கூட்டுச் சாலையில், தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் இறங்கி, டயர் மட்கார்டில் அறுபட்டு வெடித்திருந்தது. ஒன்றே முக்காலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. உள்ளே தேக்சாவைக் கட்டிப் பிடித்தபடி, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மணி அடித்துப் பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள். இருந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டு, மீந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாப்பது பேரு சார். வெறும் வயித்தோட மிஷினுக்கு முன்னாடி நிக்கிறானுங்க."

வீட்டில் ரமீஸா சத்தம் போடவில்லையாம். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: "ஆளுங்கள எறக்கி நடக்க வுட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. சோறு எறங்கி நடக்குமா?"

மறுநாள் ஆட்டோவில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போவதாகச் சொன்னார். துணைக்கு வருகிறீர்களா என்று கேட்கவில்லை. ஆனால் நேரத்தை இரண்டு தடவை சொன்னார். நான் போனேன்.

பச்சையப்பன் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, "நாலையும் மாத்திடலாமா பாய்?" என்றார்.

"வேணாம். பின்னாடி மட்டும். டாக்ஸிக்குப் போடுவியே கெட்டி ஸ்பிரிங்கு, அத்தப் போடு. மூஞ்சியாச்சும் அப்டியே இருக்கட்டும்."

பழைய ஸ்பிரிங் வெளியே வரும்போது அவர் அங்கே இல்லை. எதிர்ப்புறத் தேநீர்க் கடையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு டீயை அவ்வளவு நேரம் குடித்தவரை நான் பார்த்ததில்லை. ஜாக்கியை இறக்கியதும் வந்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா பச்ச இது, எட்டி ஒதைக்கிற கழுத மாதிரி கீது."

பச்சையப்பன் மூலையில் கிடந்த மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து பின்பலகையில் வைத்தார். ஒன்று, இரண்டு, நான்கு. வண்டி மெல்ல அமர்ந்தது. ஐந்தாவது மூட்டையில் முன்னும் பின்னும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்றது. ஒரு கணம் அது பழைய எஸ்டீமாகவே தெரிந்திருக்க வேண்டும். நூர் அகமது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மூட்டைய எறக்கு" என்றார்.

ஜெயராஜ் இப்போது ஓசூரில் இருக்கிறார். யார் படம் அனுப்பினார்களோ, மறுவாரம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவர் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா நூரு, பின்னாடி தூக்கிட்டியாமே! மானத்த வாங்கிட்டியேடா!"

"ஆமாண்டா."

"இப்போ எத்தினி பேருக்குடா போடுற?"

"நூத்திப் பத்து."

"நூத்திப் பத்தா?" என்றார். "ரமீஸா கைல எறா கொழம்பு சாப்புட்டு எவ்ளோ வருசம் ஆச்சிடா. ஜோஷ்வாவக் கூட்டிக்கினு ஒரு நாளு வரேன்."

"வா. அவனும் கார்லயே வர்லாம் இனிமே" என்றார் நூர் அகமது. யாரோ குழம்பு கேட்டார்கள். ஊற்றினார்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வாசலுக்கு முன்னால், புதிதாகப் போட்ட வேகத்தடையில் ஒரு சிவப்புக் கார் வந்து தயங்கி நின்றது. தரையோடு தரையாக இறக்கியிருந்தார்கள். பின்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் லாரி. லாரிக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. வரிசையில் பதினைந்து பேர் நிற்க, நூர் அகமது தட்டை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினார். குழம்பு சொட்டும் கரண்டியை உயர்த்தி லாரியை நிறுத்தினார். பிறகு குந்தி, காரின் வயிற்றுக்கும் வேகத்தடைக்கும் நடுவில் கண்ணை வைத்துக்கொண்டு, இடது கையால் மெல்ல, மெல்லச் சைகை காட்டினார்:

"ஸ்டீரிங்க ஒட்ச்சி எடு... ஒட்ச்சி... வா, வா. பயப்புடாத, தட்டாது."